ஓரினப் படையும் அதன் செப்பமும்

ஒன்றையே பற்றி நிற்பது வலிமையா, வலுவின்மையா என்னும் வினா பழமையானது. ஒரே பயிரை நம்பும் உழவரும், ஒரே சரக்கை நம்பும் வணிகரும், ஒரே வகைப் படையை நம்பும் தலைவரும் இவ்வினாவுக்கு விடை கூறியாக வேண்டியவர்களே. அண்மைக் காலத்தில் இதே வினாவை நம் மாணவர்கள் ஒரு விளையாட்டின் வாயிலாக எதிர்கொண்டு வருகின்றனர். 'போக்கிமான்' என்னும் அவ்விளையாட்டில் ஓரினப் படையை அமைத்துச் செப்பனிடும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரிஷிவந்தியத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் மாணவர் ஒருவர், "ஐயா, ஆறு வீரரும் நீரினம், ஆனாலும் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்" என்று ஒருநாள் கூறினார். அவர்தம் தந்தையாரோ, கைப்பேசியால் மகன் கெட்டுவிடுவான் என்னும் கவலையில் இருந்தவர். தந்தை, மகன் இருவர் பக்கமும் நியாயம் உண்டென்பதை இக்கட்டுரையின் முடிவில் உணரலாம்.

விளையாட்டின் அமைப்பு

ஜப்பானைச் சேர்ந்த சதோஷி தாஜிரி சிறுவயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் பேரார்வம் கொண்டவர். நம் சிறுவர்கள் பொன்வண்டைத் தீப்பெட்டியில் வைத்துக் கொன்றையிலை ஊட்டி வளர்த்த மகிழ்ச்சிக்கு ஒப்பானது அது. அம்மகிழ்ச்சியை விளையாட்டாக்க விரும்பிய அவர் தம் குழுவினருடன் உருவாக்கிய போக்கிமான், 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளிவந்தது.

இதில் ஆடுவோர் ஒவ்வொருவரும் ஆறு விந்தை உயிரிகள் வரை கொண்ட படையை அமைப்பர். ஒவ்வோர் உயிரியும் நான்கு தாக்குமுறைகளைக் கற்றிருக்கலாம். நீர், நெருப்பு, புல், மின், நிலம், பாறை எனத் தொடக்கத்தில் 15 இனங்கள் இருந்தன. 1999-இல் இருளும் எஃகும் சேர்ந்து 17 ஆயின. 2013-இல் தேவதை இனமும் சேர, இன்று 18 இனங்கள் உள்ளன. நீர் நெருப்பை அணைக்கும். நெருப்பு புல்லை எரிக்கும். புல் நீரை உறிஞ்சும். வெல்லும் இனத்தின் அடி இரு மடங்காக விழும். தோற்கும் இனத்தின் அடி பாதியாகக் குறையும். சில இணைகளில் அடி சிறிதும் படாது. தன் இனத்தைச் சார்ந்த தாக்குமுறையைக் கையாளும் உயிரிக்கு ஒன்றரை மடங்கு வலிமை கூடும்.

ஓர் உயிரிக்கு இரண்டு இனங்களும் அமையலாம். அவ்வாறாயின் இரண்டின் பெருக்கமே விளைவாகும். முதல் விளையாட்டிலேயே பாறை இனத் தலைவரான பிராக் என்பாரின் உயிரிகள் இரண்டும் பாறையும் நிலமும் கலந்தவை. நீர் பாறையையும் வெல்லும், நிலத்தையும் வெல்லும். ஆதலின் நீரின் அடி அவற்றின்மீது நான்கு மடங்காக விழுகின்றது. ஓரினத்தை மட்டும் பேணும் தலைவர்களை இவ்விளையாட்டு தொடக்கம் முதலே நம்முன் நிறுத்தியது. அவர்தம் வீழ்ச்சிக்கான வாயிலையும் உடனே காட்டிவிட்டது.

ஓரினக் கட்டுப்பாடு

படையின் ஆறு உயிரிகளும் ஓர் இனத்தைப் பொதுவாகக் கொண்டிருக்க வேண்டும் என்பது ஆடுவோர் தம்முள் வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு. 2009 முதல் நடந்துவரும் இதன் காணொளி விளையாட்டு உலகப் போட்டிகளில் இவ்விதி இல்லை. எனினும் குறைந்த கருவிகொண்டு நிறைந்த பயன் காண்பதே இதன் சுவை எனலாம். வெண்பாவின் தளைக் கட்டுப்பாடு புலவரைத் தடுப்பதில்லை. சொல்லைத் தேடவே வைக்கின்றது. இதுவும் அத்தகையதே.

நம் மாணவரின் படையில் பிளாஸ்டாய்ஸ், வேப்போரியன், ஃபெராலிகேட்டர், மிலோட்டிக், ஸ்டார்மி, கயரடாஸ் ஆகிய ஆறும் இருந்தன. தனித்தனியே நோக்கினால் அனைத்தும் வலியவை. ஆனால் மின்னினத்தின் அடிக்கு ஆறுமே இரையாகும். அவற்றுள் வானினமும் கலந்த கயரடாஸுக்கோ நான்கு மடங்கு அடி. புல்லினத்தின் அடிக்கு ஐந்து இரையாகும். நல்ல வீரர் அறுவரைச் சேர்த்தார் அவர். நல்ல படையைச் சேர்க்கவில்லை.

செப்பனிடும் முறை

முதற்படி, குறைகளைக் கணக்கிடுதல். ஒரு தாளில் ஆறு பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எவ்வெவ்வினம் எத்தனை மடங்கு தாக்கும் எனக் குறித்தல் வேண்டும். குறைகள் ஒரே நிரலில் குவிந்தால் அங்கேதான் படை உடையும்.

இரண்டாம் படி, இரண்டாவது இனத்தின் துணையை நாடுதல். ஓரினப் படையின் உயிர்நிலை இதுவே. நீரும் நிலமும் கலந்த ஸ்வாம்பெர்ட்டின்மீது மின்னடி சிறிதும் படாது. நீரும் நாகமும் கலந்த கிங்ட்ராவும், நீரும் புல்லும் கலந்த லூடிகோலோவும் மின்னடியையும் புல்லடியையும் இயல்பான அளவிலேயே தாங்கும். நீரும் நஞ்சும் கலந்த டாக்ஸாபெக்ஸ் புல்லடியை இயல்பாகத் தாங்குவதோடு, நஞ்சால் புல்லினத்தைத் திருப்பியடிக்கவும் வல்லது. இனம் மாறவில்லை, இனத்துக்குள்ளேயே பன்மை தோன்றியது.

மூன்றாம் படி, பணிகளைப் பகிர்தல். நீரும் வானும் கலந்த பெலிப்பர், 2016-இல் வெளிவந்த பதிப்பு முதல், களமிறங்கியவுடன் மழையை வருவிக்கும் இயல்பினைப் பெற்றது. அம்மழை ஐந்து சுற்றுகள் நீடிக்கும். அதற்குரிய கல்லை ஏந்தியிருப்பின் எட்டுச் சுற்றுகள். மழையில் நீரினத்தின் அடி ஒன்றரை மடங்காகும். நீச்சல் விரைவு என்னும் இயல்புடைய கிங்ட்ராவும் லூடிகோலோவும் மழையில் இரு மடங்கு விரைவு பெறும். எனவே மழை தருவோர், மழையில் தாக்குவோர், அடி தாங்குவோர், மின்னைத் தடுப்போர் எனப் படை உறுப்புகளாகப் பிரிகின்றது.

நான்காம் படி, எஞ்சிய குறையை மறவாதிருத்தல். ஸ்வாம்பெர்ட் மின்னைத் தடுக்கும். ஆனால் புல்லடி அதன்மீது நான்கு மடங்கு. மின்னும் வானும் கலந்த ஸாப்டோஸின்மீது நில அடி படாது. மேலும் நாம் வருவித்த மழையிலேயே அதன் இடி தவறாமல் விழும். ஆதலின் பனிக்கதிர் கற்ற மிலோட்டிக்கை நம் மாணவர் நீக்காமல் வைத்துக்கொண்டார். புதிய படையில் மின்னுக்கு அஞ்சுவன மூன்று. புல்லுக்கு அஞ்சுவன இரண்டு. குறை ஒழியவில்லை; ஆனால் சிதறியது. ஓர் அடியில் படை முழுதும் விழும் நிலை மாறியது.

ஐந்தாம் படி, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல். தோல்வியுற்றவுடன் மூன்று உயிரிகளை ஒருங்கே மாற்றுவோர், எந்த மாற்றம் பயன் தந்தது என்பதை அறியமாட்டார். ஒன்றை மாற்றிப் பல ஆட்டங்கள் ஆடிக் குறித்துவைப்பதே ஆய்வு நெறி.

சோளக்கொல்லை தந்த பாடம்

இக்கணக்குகளை மாணவர் தாளில் எழுதித் தந்தையாரிடம் காட்டினார். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதைத்தானே மக்காச்சோளத்தில் செய்கிறோம்" என்றாராம்.

அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு 2018-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அவ்வாண்டிலேயே தமிழகத்து மக்காச்சோளத்தையும் தாக்கியது. குருத்துக்குள் புகுந்து தின்னும் அப்புழுவுக்கு, கண்ணுக்கெட்டிய தொலைவுவரை ஒரே பயிர் நின்றது விருந்தாயிற்று. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்த நம் பகுதி உழவர்கள் அந்த அச்சத்தை அறிவர். அதற்காக அவர்கள் சோளத்தையே கைவிட்டுவிடவில்லை. கடைசி உழவில் எக்டேருக்கு 250 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடுதல், விதை நேர்த்தி செய்தல், வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறும் எள்ளும் சூரியகாந்தியும் விதைத்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல் ஆகிய வழிகளை வேளாண்மைத் துறையினர் எடுத்துரைத்தனர். வரப்புப் பயிர், புழுவை உண்ணும் நன்மைப் பூச்சிகளுக்கு இடம் தருகின்றது. கொல்லையின் நடுவில் நிற்பது சோளமே. அதனைக் காப்பது வரப்பில் நிற்கும் துணை. ஸ்வாம்பெர்ட்டும் டாக்ஸாபெக்ஸும் நீர்ப்படைக்கு ஆற்றும் தொண்டும் இதுவே.

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்து, செயல், தான், பகைவர், துணை ஆகியவற்றின் ஆற்றலை ஒருங்கே எடைபோடச் சொல்கின்றார். தன் ஆற்றலை மட்டும் எண்ணியதே நம் மாணவரின் முதற்படையின் பிழை.

முடிவுரை

பெரியோர்க்கு ஒரு சொல். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டும் இதுவும் ஒன்றல்ல. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், முன்னதைத் தடை செய்து, திறன்சார்ந்த மின்விளையாட்டுப் போட்டிகளை வேறாகப் பிரித்து ஏற்றுள்ளது. பொருளை இழப்பிக்கும் ஆட்டத்தைத் தடுப்பது நம் கடமை. சிந்திக்க வைக்கும் ஆட்டத்துக்கு அளவு வகுப்பதே போதுமானது.

மாணவர்க்கும் ஒரு சொல். அளவு மீறின் எந்த ஆட்டமும் படிப்பையும் உறக்கத்தையும் தின்னும் படைப்புழுவே. நாள் முழுதும் அதிலேயே கழிப்பவர், தம் வாழ்வையே ஓரினப் படையாக ஆக்கிக்கொள்கின்றார். பற்றிய ஒன்றை விட வேண்டுவதில்லை; அதன் குறையை அறிந்து, அக்குறைக்கு ஏற்ற துணையை வரப்பில் விதைத்துக்கொண்டால் போதும். நம் மாணவர் இப்பொழுதும் சில ஆட்டங்களில் தோற்கின்றார். ஆனால் ஏன் தோற்றோம் என்பதைத் தம் தந்தையாரிடம் விளக்கும் தெளிவைப் பெற்றுவிட்டார்.