ஒளிரும் இழைகள்: ஆய்வகத்திலிருந்து தறிக்கு

உடுக்க உதவுவது நூல்; ஒளி தருவது விளக்கு. இவ்விரண்டின் பணியையும் ஒரே பொருள் செய்யுமாறு அமைக்கும் முயற்சியே ஒளிரும் இழை ஆகும். வளைத்தாலும் மடித்தாலும் முறியாமல், தறியில் நெய்வதற்கு ஏற்றதாய், அதே வேளையில் ஒளி உமிழ்வதாய் இருக்கும் இழையை உருவாக்குவதில் பல நாடுகள் இன்று ஈடுபட்டுள்ளன.

துணியினின்று ஒளி பெறுவது முற்றிலும் புதிதன்று. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் இதற்குச் சான்று. தோரியம் உப்பில் நனைத்த துணி எரிந்தபின் எஞ்சும் ஆக்சைடு வலையே வெண்ணிற ஒளி தந்தது. அத்தோரியத்துக்கு மூலமான மோனசைட்டைக் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் 1909இல் ஜெர்மானிய வேதியியலார் ஷாம்பெர்க் கண்டறிந்தார். ஆனால் மேண்டில் தொட்டால் உதிரும், வெப்பத்தினால்தான் ஒளிரும். இன்று நாம் தேடுவதோ குளிர்ந்த ஒளி, உதிராத இழை.

ஒளிர்வின் வகைகள்

ஒளிரும் இழைகளை மூன்றாகப் பகுக்கலாம். முதல் வகை, புற ஊதாக் கதிர் படும்போது மட்டும் ஒளிர்வது. நம் ரூபாய் நோட்டில் இதைக் காணலாம். 1996இல் தொடங்கிய மகாத்மா காந்தி வரிசை நோட்டுகளின் தாளில் கலந்துள்ள நுண்ணிழைகள் புற ஊதா விளக்கின் கீழ் ஒளிர்ந்து, கள்ள நோட்டைப் பிரித்தறிய உதவுகின்றன.

இரண்டாம் வகை, பகலில் ஒளியை ஏற்று இருளில் சிறிது சிறிதாக வெளியிடுவது. பழைய துத்தநாக சல்பைடுப் பொருள்களின் ஒளி விரைவில் மங்கியது. 1990களில் ஜப்பானில் உருவான ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டோ பல மணி நேரம் பச்சை ஒளி தருகிறது. இதில் சேர்க்கப்படும் யூரோப்பியம் ஒளியை உமிழ்கிறது; உடன் சேரும் டிஸ்ப்ரோசியம் ஆற்றலைச் சிறைப்படுத்தி மெல்ல விடுவிக்கத் துணை புரிகிறது. மூன்றாம் வகை, மின்சாரத்தால் ஒளிர்வது. 2021இல் சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்தினர் இம்முறையில் 6 மீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் உள்ள காட்சித் துணியை நெய்து காட்டினர்.

இழை உருவாகும் விதம்

இருளில் ஒளிரும் இழையைச் செய்ய, ஒளிர்பொருளை நுண்தூளாக்கி, உருகிய பாலியெஸ்டர் அல்லது நைலானுடன் கலந்து, நுண்துளைத் தட்டின் வழியே செலுத்தி நூலாக இழுப்பர். இதில் இடர்ப்பாடுகள் பல. தூள் பருமனாயிருந்தால் துளை அடைபடும். அளவு மிகுந்தால் இழை வலிமை இழக்கும். குறைந்தால் ஒளி போதாது. தூளை மிக நுண்ணியதாக அரைத்தாலும் ஒளி குன்றும். மேலும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் நீர் பட்டால் சிதையும்; ஆகவே தூளுக்கு முன்னரே காப்புப் பூச்சு அளிப்பது உண்டு. சலவைக்குத் தாங்குமா என்பதே எந்த ஒளிரும் துணிக்கும் முதற்சோதனையாகும்.

திருப்பதியின் பங்கு

1954இல் தோன்றிய திருப்பதி ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை, அருமண் தனிமங்கள் கலந்த கண்ணாடிகளின் ஒளிர்வைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. பேராசிரியர்கள் புத்துடு, ஜெயசங்கர் முதலியோரின் ஆய்வுகள் இத்துறையில் அறியப்பட்டவை. இவ்வகை ஆய்வின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு: எர்பியம் கலந்த கண்ணாடி இழை, கடலடித் தொலைத்தொடர்புக் கம்பிகளில் வலுவிழந்து வரும் ஒளிக்குறிகளைப் பெருக்குகிறது. 2015இல் தொடங்கிய ஐ.ஐ.டி., ஐசர் ஆகிய நிறுவனங்களும் திருப்பதியில் இயங்குகின்றன.

தறிகளும் தொலைவில் இல்லை. சித்தூர் மாவட்டத்து நகரியில் விசைத்தறிகள் மிகுதி. 2022இல் பிரிக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் வெங்கடகிரியின் கைத்தறிகள் உள்ளன. அறிவும் கைத்திறனும் இவ்வாறு அருகருகே அமைந்திருப்பது அரிய வாய்ப்பாகும்.

எங்கே, எது பொருந்தும்?

திருமலைக்கு நடந்து செல்லும் அடியார்கள் பலர் வெயிலுக்கு அஞ்சி இரவில் நெடுஞ்சாலை ஓரமாக நடக்கின்றனர். இவர்களுக்கு ஒளிரும் பட்டை அளிக்கலாம் என்ற எண்ணம் எளிதில் எழும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இருளில் ஒளிரும் இழையின் ஒளி மென்மையானது. ஊர்தியின் முகப்பு விளக்கு பாயும்போது அது புலப்படாது. ஓட்டுநரை எச்சரிக்க வல்லது, விளக்கொளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் நுண்கண்ணாடி மணிகள் பதித்த பிரதிபலிப்புப் பட்டையே. ஒளிரும் இழையை மட்டும் நம்பி இரவுச் சாலையில் இறங்குவது பொய்யான பாதுகாப்பாகிவிடும்.

ஒளிரும் இழைக்கு ஏற்ற இடங்கள் வேறு. மின்சாரம் தடைப்பட்ட மருத்துவமனைப் படிக்கட்டு, திரையரங்கின் வெளியேறும் வழி, சுரங்கத்தில் வழிகாட்டும் கயிறு ஆகியவற்றில் கண் இருளுக்குப் பழகியிருக்கும். மெல்லொளியே வழி காட்டிவிடும். ஒரே பட்டையில் இரு பொருள்களையும் இணைத்தால் இருவகைப் பயனும் கிட்டும்.

செய்யத்தக்கவை

2020இல் ஒப்புதல் பெற்ற தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்துக்கு ரூ.1,480 கோடி ஒதுக்கப்பட்டது. இத்தகைய முயற்சிகளின் பயன் நகரி போன்ற ஊர்களின் சிறு தறிகளையும் எட்ட வேண்டும். மூலப்பொருளிலும் கவனம் தேவை. நம் மோனசைட்டில் சீரியம், லாந்தனம் போன்றவை மிகுதி. டிஸ்ப்ரோசியம் மிகக் குறைவு. 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம் உட்பட ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தமை நமக்கு ஓர் எச்சரிக்கை. எனவே, கிடைக்கும் தனிமங்களைக் கொண்டு ஒளிர்பொருள் காண்பதும், கழிவிலிருந்து அரிய தனிமங்களை மீட்பதும் ஆய்வாளர் கடன். துணியின் ஒளியளவையும் சலவைத் தாங்கலையும் சோதித்து, இன்ன பயனுக்கு இது என்று குறிப்பிட்டு விற்கச் செய்வது அலுவலர் கடன். இவ்விரண்டும் நிறைவேறினால், ஆய்வகத்தில் ஒளிரும் இழை மக்களின் பாதையிலும் ஒளிரும்.