அழுத்தம் தாங்கும் கோலி

கோக் வந்தபோதும் போனபோதும் அசராமல் நின்ற டெல்லியின் பண்டாவுக்கு, இப்போது அதன் பாட்டிலே பாரமாகியிருக்கிறது.

வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் டெல்லி சாந்தினி சௌக்கின் தள்ளுவண்டிகளைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். பாட்டிலின் கழுத்தை அடைத்திருக்கும் கோலியை ஒரே அழுத்தாக அழுத்துகிறார் கடைக்காரர். 'டப்' என்ற ஓசையுடன் அது உள்ளே இறங்க, வாயு சீறுகிறது. நொறுக்கிய ஐஸ், எலுமிச்சைச் சாறு, கறுப்பு உப்பு, மசாலா. அதன் மேல் சோடா. டெல்லிக்காரர்கள் இதை பண்டா என்கிறார்கள். பஞ்சாபியில் கோலிக்குண்டு என்று பொருள். நம் ஊர் கோலி சோடாவின் வடக்கத்திச் சகோதரன்.

இந்தச் சீறலின் பூர்வீகம் ஒரு பீர் ஆலை. சர்க்கரையைத் தின்னும் ஈஸ்ட், ஆல்கஹாலோடு கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பீர் ஆலைக்கு அருகே குடியிருந்த பாதிரியார் ஜோசப் பிரீஸ்ட்லி, 1767இல் நுரைக்கும் தொட்டிக்கு மேலே தண்ணீரை வைத்து அதில் அந்த வாயுவைக் கரைத்துக் காட்டினார். 1772இல் சோடா தயாரிக்கும் முறையையும் வெளியிட்டார்.

வீட்டிலேயே பீர் தயாரிக்கும் வெளிநாட்டினர் பலர் இன்றும் ஈஸ்ட்டைத்தான் நம்புகிறார்கள். பீப்பாயில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து இறுக மூடினால், மிச்சமிருக்கும் ஈஸ்ட் ஓரிரு வாரங்களில் வாயுவை உண்டாக்கிவிடும். வெளியேற வழியின்றி அது பீரிலேயே கரையும். பண்டா தயாரிப்பவருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. சிலிண்டரிலிருந்து வாயுவை ஏற்றி நொடிகளில் வேலையை முடிக்கிறார்.

எப்படி ஏற்றினாலும் வாயுவைத் தப்பவிடாமல் பிடித்து வைக்க வேண்டுமே? அதற்கு ஆங்கிலேயரான ஹைரம் காட் கண்ட வழிதான் 1872இல் காப்புரிமை பெற்ற இந்த பாட்டில். வாயு ஏற்றித் தலைகீழாகக் கவிழ்த்தால் கோலி கழுத்துக்கு வந்துவிடும். அழுத்தமே அதை ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். மூடி வேண்டாம், மூடி போடும் இயந்திரமும் வேண்டாம். 1892இல் அமெரிக்காவின் வில்லியம் பெயின்டர் உலோக மூடிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, மேலை நாடுகள் காட் பாட்டிலை மெல்லக் கைவிட்டன. இந்தியாவும் ஜப்பானும் விடவில்லை.

1977இல் கோக கோலா வெளியேறியபோது டெல்லியில் காம்பா கோலா கொடிகட்டிப் பறந்தது. 1993இல் கோக் திரும்பியதும் காம்பா தள்ளாடியது. விளம்பரச் செலவே இல்லாத பண்டா பிழைத்துக்கொண்டது.

ஆனால் பலமே பலவீனமாகியிருக்கிறது. கனத்த கண்ணாடி பாட்டிலின் விலை, உள்ளே இருக்கும் பானத்தைவிட அதிகம். எனவே வண்டி அருகிலேயே குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பித் தந்தாக வேண்டும். இதைத் தயாரிக்கும் கண்ணாடித் தொழிற்சாலைகளும் வெகு சிலவே. கழுத்து குறுகல், உள்ளே எடுக்க முடியாத கோலி என்பதால் கழுவுவதும் சிரமம். தண்ணீரும் ஐஸும் சுத்தமில்லாவிட்டால், குடிப்பவருக்கு டைபாய்டும் மஞ்சள் காமாலையும் காத்திருக்கின்றன.

2025 மார்ச்சில் மத்திய வர்த்தக அமைச்சகம், 'கோலி பாப் சோடா' என்ற பெயரில் இந்தப் பானம் வளைகுடாவின் லுலு கடைகளுக்குச் செல்வதாக அறிவித்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பாவுக்கும் சோதனை முறையில் அனுப்பப்பட்டதாம். வெளிநாட்டு அலமாரிகளில் இடம் கிடைத்துவிட்டது. சாந்தினி சௌக் வண்டிக்காரருக்கோ நல்ல தண்ணீரும், கட்டுப்படியாகும் விலையில் பாட்டிலும் கிடைத்தால் போதும்.