பெரிய மருந்தை உடனே ஏன் கொடுப்பதில்லை?

செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு தேறிவரும் நோயாளிக்கு, ஐந்தாம் நாளிலோ ஆறாம் நாளிலோ புதிதாகக் காய்ச்சல் காண்பதுண்டு. குத்தாலத்து வயல்வெளிகளில் பாம்பு தீண்டியோ பூச்சிமருந்து நஞ்சேறியோ இங்குச் சேர்க்கப்பட்டவர்களின் உறவினர் அப்போது எங்களிடம் கேட்பது ஒன்றே: “இருப்பதிலேயே பெரிய மருந்தைப் போட்டுவிடக் கூடாதா, ஐயா?”

இக்காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணமாவன அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாக்கள். நலமாக இருப்பவரை இவை அரிதாகவே தாக்கும். தொண்டையிலும் சிறுநீர்ப்பையிலும் குழாய், இரத்தக் குழாயில் ஊசி என உடலின் காப்பு திறந்திருக்கும் வேளை பார்த்து உள்ளே நுழைவதால் இவற்றைச் சந்தர்ப்பவாதக் கிருமிகள் என்கிறோம். மெரோபெனம் போன்ற வலிய மருந்தையே சிதைக்கும் ஆற்றலை இவற்றுட் பல பெற்றுவிட்டன.

எஞ்சியிருக்கும் சில மருந்துகளுள் ஒன்று கொலிஸ்டின். அது புதியதன்று. 1950களிலேயே பயன்பாட்டுக்கு வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பின்னர் ஒதுக்கப்பட்டது. வேறு வழியின்றி மீண்டும் அழைத்து வந்திருக்கிறோம். கோழி முதலிய உணவுக்கான விலங்குகளுக்கு அதனைக் கொடுப்பதை நம் நாட்டு அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது, மனிதருக்கு அது பயனற்றுப் போகலாகாது என்பதற்காகவே. நஞ்சினால் ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இதனை ஏற்றுமுன் நாங்கள் தயங்குவதன் காரணம் இப்போது விளங்கும்.

தயக்கம் என்றால் வாளாவிருப்பதன்று. இரத்தம், சளி ஆகியவற்றைக் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுத்தனுப்பி, உயிருக்கு ஆபத்தெனில் அந்த மணி நேரத்திலேயே மருந்தைத் தொடங்கிவிடுகிறோம். முடிவு வர இரண்டு மூன்று நாள்கள் ஆகும். வந்ததும் மருந்தை மாற்றுவோம்; சிலவேளை குறைப்போம், நிறுத்தவும் செய்வோம். உறவினர்க்குப் பெரிதும் வியப்பளிப்பது இதுதான்: சளியில் கிருமி உண்டு என்று அறிக்கை சொல்லியும் மருந்து கொடுக்காமல் இருப்பது. காய்ச்சலில்லை, எக்ஸ்ரேயில் புதிய மாற்றமில்லை எனில், அக்கிருமி குழாயில் குடியிருக்கிறதே அன்றி நோயாளியைத் தாக்கவில்லை. அதற்கு மருந்து கொடுத்தால் நன்மையின்றிப் பக்கவிளைவே மிஞ்சும்.

அசினெட்டோபாக்டர் உலர்ந்த கட்டில் கம்பியிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் வாயிலில் உள்ள கிருமிநாசினியைக் கைகளில் நன்கு தேய்த்துக்கொள்ளுங்கள்; கட்டிலில் அமர வேண்டா. திருநீறு இடுவதை நாங்கள் தடுப்பதில்லை. கையைத் தூய்மை செய்து நெற்றியில் மட்டும் இடுங்கள், வாயில் இட வேண்டா.

இன்னொன்று: இங்கு வருமுன் வேறெங்கேனும் மருத்துவம் பார்த்திருந்தால், அந்த மருந்துச்சீட்டுகளையும் மீந்த மாத்திரை அட்டைகளையும் முதல் நாளே செவிலியரிடம் காட்டுங்கள். எந்த மருந்துக்கு அக்கிருமி ஏற்கெனவே பழகியிருக்கக்கூடும் என்பதை, பரிசோதனை முடிவு வருமுன்னரே அவற்றைக்கொண்டு ஓரளவு கணித்துவிடுவோம்.