தேர் நிலைக்கு வந்தால்தான் எல்லை

மயிலாப்பூர் மாடவீதியில் கிளம்பும் தேர், சுற்றி வலம் வந்து, கிளம்பிய இடத்திலேயே நிலைக்கு வர வேண்டும். கணினி வரைபடத்தின் எல்லைக்கோடும் அப்படித்தான்.

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். கணினிக்கு ஒவ்வொரு வார்டும் ஒரு பலகோணம், அதாவது வரிசையாக எழுதிய புள்ளிகள். முதல் புள்ளியே கடைசிப் புள்ளியாகவும் வந்தால்தான் எல்லை மூடும்.

இந்தப் புள்ளிகளைப் பெரும்பாலும் சுமந்து வருவது ஷேப்ஃபைல் என்ற ஃபைல் வகை. எஸ்ரி நிறுவனம் 1998-இல் வெளியிட்ட அதன் விதிகளின்படி, வெளிக்கோடு வலமாகச் சுற்ற வேண்டும். உள்ளே ஓட்டை இருந்தால் அதன் கோடு இடமாகச் சுற்ற வேண்டும். கபாலீசுவரர் கோயில் குளத்தின் நீர்ப்பரப்பை வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டு ஓரமாகப் போகும் கோடு வலம் வரும். நடுவிலுள்ள நீராழி மண்டபத்தைச் சுற்றும் கோடு இடமாகப் போகும். குளத்தின் பரப்பைக் கேட்டால், மண்டபத்தின் இடத்தைக் கழித்துவிட்டு மென்பொருள் பதில் சொல்லும்.

பெயர்தான் ஒரு ஃபைல். உண்மையில் அது ஒரு குடும்பம். புள்ளிகள் .எஸ்எச்பியில். எந்தப் பலகோணம் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு .எஸ்எச்எக்ஸில். வார்டு எண், பெயர் எல்லாம் .டிபிஎஃப் அட்டவணையில். எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால், தமிழ்ப் பெயர்கள் அங்கே குப்பையாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் .எஸ்எச்பியை மட்டும் அனுப்பினால் வெறும் கோடுதான் போய்ச் சேரும். எந்த வார்டு என்று தெரியாது. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்புகிறார்கள்.

இந்தக் குடும்பத்தில் அடிக்கடி தொலைவது .பிஆர்ஜே. எண்கள் எந்த அளவில் எழுதப்பட்டவை என்று சொல்வது அதுதான். குளம் இருப்பது தீர்க்கரேகை 80.27, அட்சரேகை 13.03 பாகையில். அதே குளம் மீட்டர் கணக்கில் கிழக்கே சுமார் 4.2 லட்சம், வடக்கே 14.4 லட்சம். பாகையா மீட்டரா என்பதை எண்ணைப் பார்த்து மென்பொருள் உறுதியாகச் சொல்ல முடியாது. ஷேப்ஃபைலில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். யாராவது இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால், மயிலாப்பூர் நார்வேயின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலில் போய் விழும்!

எனவே கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஃபைலைத் திறந்ததும் கணக்குப் போட உட்காராதீர்கள். அடியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை விரித்து, தெரிந்த இடம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். குளத்துக் கோடு படிக்கட்டின் மேல் இருந்தால் சரி. ராமகிருஷ்ண மடம் சாலையில் கிடந்தால், முதலில் .பிஆர்ஜேவைத் தேடுங்கள்.