கசகசா காட்டிக் கொடுக்கும் ஓட்டை

"ஒண்ணுக்குப் போனா காத்தும் சேர்ந்து வருதுடா, சோடா பாட்டில் மாதிரி" என்றார் பெரியப்பா. சிரித்துத் தொலைத்தேன். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஆறு மாதத்தில் நாலு தடவை மாத்திரை விழுங்கியிருந்தார் மனுஷர்.

சர்ஜன் சிரிக்கவில்லை. பெருங்குடலில் பை போலப் புடைத்த இடம் புண்ணாகி, மூத்திரப்பையோடு ஒட்டி, நடுவே வழி விழுந்துவிடுமாம். (பெண்களுக்கு நடுவில் கர்ப்பப்பை தடுப்பதால் குறைவு.) கேன்சராலும் வரும் என்றதும் எனக்கு நாக்கு வறண்டது. கொலோனாஸ்கோபியில் அது இல்லை. சி.டி. ஸ்கேனில் மூத்திரப்பைக்குள் காற்று! 50 கிராம் கசகசாவைத் தயிரில் கலந்து கொடுத்து, இரண்டு நாள் சிறுநீரில் வருகிறதா என்று பார்ப்பதும் உண்டாம். குருமா சமாச்சாரம், சார்!

கெட்ட குடலை வெட்டி, முனைகளை இணைத்து, மூத்திரப்பையைத் தைத்தார்கள். பத்து நாள் ட்யூப். எடுத்த அன்று பாத்ரூமிலிருந்து வந்தவர், "சத்தமே இல்லடா" என்றார்.