அறிவுத்திறன் குறைபாடுடையோரின் முதுமையும் சமுதாய சுகாதாரத் தாதியரும்
இங்கிலாந்தின் அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

மருத்துவ அறிவின் வளர்ச்சியினால், முன்னர் சமுதாயத்திற் காணப்படாத புதிய வகுப்பினர் சிலர் தோன்றுவதுண்டு. அறிவுத்திறன் குறைபாட்டுடன் பிறந்து, அதனுடனேயே வளர்ந்து, முதுமையும் எய்துவோர் அத்தகையோராவர். டவுன் சின்ட்ரோம் எனப்படும் நிலையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1866 இல் ஜோன் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில வைத்தியர் இதனை விவரித்தார். 1929 இல் இந்நிலையுடன் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 9 ஆண்டுகளே என மதிப்பிடப்பட்டது. 1949 இல் அது 12 ஆயிற்று. இன்று வளர்ச்சியடைந்த நாடுகளில் அது 60 ஆண்டுகளை அண்மித்துள்ளது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும், பிறவியிலமைந்த இருதயக் கோளாறுகளுக்கான சத்திர சிகிச்சையும் இம்மாற்றத்தின் முதன்மைக் காரணங்களாகும். ஆயுள் நீண்டது, ஆனால் நீண்ட ஆயுளின் பிற்பகுதியில் வரும் நோய்களை, அவற்றைச் சொல்லால் உணர்த்த இயலாத ஒருவரிடத்து எங்ஙனம் கண்டறிவது என்னும் அறிவு அதே வேகத்தில் வளர்ந்ததெனக் கூறமுடியாது. இவ்விடைவெளியில் நின்று பணிபுரியும் சமுதாய சுகாதாரத் தாதியரின் தொழிலை இக்கட்டுரை விளக்க முயல்கின்றது.

முதலிற் சொற்பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் நன்று. ‘மந்தபுத்தி’, ‘மூளை வளர்ச்சி குன்றியோர்’ ஆகிய தொடர்கள் தமிழில் நெடுங்காலம் வழங்கின. அவை இழிவுக் குறிப்புடையன என்பது ஒருபுறமிருக்க, பொருளையும் மயக்குவன. அறிவுத்திறன் குறைபாடு என்பது மனநோயன்று. கற்றல், விளங்கிக் கொள்ளல், நாளாந்த வாழ்வைத் தானே நடத்துதல் ஆகிய ஆற்றல்கள் பிறப்பிலிருந்தோ இளமையிலிருந்தோ குறைவுற்றிருத்தலையே அது குறிக்கும். முதுமை என்பதும் ஈண்டுச் சற்று வேறுபட்ட அளவிற் கொள்ளப்படுகிறது. இத்தகையோர் பலரிடம் மூப்பின் அறிகுறிகள் முந்தித் தோன்றுதலால், அயர்லாந்தில் இவர்களின் மூப்புப் பற்றி நடைபெறும் நெடுங்கால ஆய்வு 40 வயதையே தொடக்க எல்லையாகக் கொண்டுள்ளது.

பிரித்தானியாவில் இவர்களுட் பெருந்தொகையினர் ஒருகாலத்தில் ஊருக்குப் புறம்பான பெரிய வைத்தியசாலைகளிலேயே வாழ்நாளைக் கழித்தனர். வேல்ஸ் நாட்டின் கார்டிவ் நகரிலிருந்த ஈலி வைத்தியசாலையில் நோயாளர் கொடுமைக்குள்ளாவதை 1967 இல் பத்திரிகையொன்று வெளிப்படுத்தியது. அதுபற்றிய விசாரணை அறிக்கை 1969 இல் வெளிவந்தது. 1971 இல் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, வைத்தியசாலைக் கட்டில்களைக் குறைத்து ஊர்களுக்குள்ளேயே இவர்களை வாழவைக்கும் கொள்கையை வகுத்தது. அடுத்துவந்த முப்பது ஆண்டுகளில் அவ்வைத்தியசாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றிற் பணிபுரிந்த தாதியரின் தொழிலும் அவர்களுடன் ஊருக்குள் இடம்பெயர்ந்தது. அந்நாட்டில் அறிவுத்திறன் குறைபாடுடையோருக்கான தாதியம் இன்றும் தனியொரு துறையாகக் கற்பிக்கப்படுகிறது. இத்துறைத் தாதியர் உளவியலாளர், பேச்சு மொழிச் சிகிச்சையாளர், இயன்மருத்துவர் முதலியோருடன் ஒரு குழுவாக இயங்கி வீடுகளுக்கும் சிறு விடுதிகளுக்கும் செல்வர்.

வைத்தியசாலைகள் மூடப்பட்டதுடன் பிரச்சினை தீர்ந்ததா? பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் நிகழ்ந்த 247 இறப்புக்களை ஆராய்ந்து 2013 இல் வெளியிட்ட அறிக்கை இவ்வினாவிற்குக் கசப்பான விடையொன்றைத் தருகின்றது. அறிவுத்திறன் குறைபாடுடைய ஆண்கள் பொதுமக்களிலும் பார்க்கச் சராசரியாக 13 ஆண்டுகளும், பெண்கள் 20 ஆண்டுகளும் முந்தி இறந்திருந்தனர். நல்ல சிகிச்சை கிடைத்திருப்பின் தவிர்த்திருக்கக் கூடிய இறப்புக்கள் பொதுமக்களிடையே 13 வீதமாக இருக்க, இவர்களிடையே 37 வீதமாக இருந்தன. இவர்கள் இறந்தது பெரும்பாலும் குறைபாட்டினால் அன்று. நோய் காலந்தாழ்த்தி அறியப்பட்டமையாலும், அறியப்பட்ட பின்னரும் உரிய சிகிச்சை தொடராமையாலுமே என்பது இவ்வறிக்கையிலிருந்து பெறப்படும்.

காலம் தாழ்வது எவ்வாறு? 1982 இல் அமெரிக்க உளவியலாளர் சிலர் இதற்கு ஒரு பெயரிட்டனர். குறைபாடு என்னும் பெரிய நிழல் ஏனைய நோய்களை மறைத்துவிடுகிறது என்பது அப்பெயரின் கருத்து. பேச இயலாத ஐம்பத்தெட்டு வயதினர் ஒருவர் திடீரெனத் தம் கன்னத்தில் அறைந்து கொள்ளத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இத்தகையோர் இப்படித்தான் செய்வர்’ என்று எண்ணும் வைத்தியர் அமைதிப்படுத்தும் மருந்தொன்றை எழுதிக் கொடுக்கலாம். அவரது கடைவாய்ப் பல் சொத்தையாகியிருக்கலாம். காதில் சீழ் கட்டியிருக்கலாம். வலி அவ்வண்ணமே இருக்க, அதைத் தெரிவிப்பதற்கு அவரிடமிருந்த ஒரேயொரு வழியை மருந்து அடைத்துவிடும். இது கற்பனையான அச்சமன்று. இங்கிலாந்தில் ஏறத்தாழ 30,000 முதல் 35,000 வரையானோர், அவற்றுக்குரிய நோய் எதுவும் இல்லாமலே, உளநோய் மருந்துகளையோ மனச்சோர்வு மருந்துகளையோ பெற்று வருகின்றனரென 2015 இல் அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களமொன்று மதிப்பிட்டது. அம்மருந்துகளைக் குறைப்பதற்கான இயக்கமொன்று 2016 இல் தொடங்கப்பட்டது.

இங்கேதான் தாதியின் பணியின் உட்கிடை புலனாகிறது. சொல்லால் உணர்த்த இயலாதவரிடத்து நோயின் மொழி என்பது வழமையிலிருந்து ஏற்படும் மாற்றமே. வழமையை அறியாதவர் மாற்றத்தைக் காணார். ஒருவர் மகிழ்ச்சியாயிருக்கும்போது அவரது முகம், குரல், கைகளின் அசைவு, உறக்கம், உணவு ஆகியன எவ்வாறிருக்கும், துன்புறும்போது எவ்வாறு மாறும் என்று நிரல்படுத்தி எழுதிவைக்கும் முறையொன்றை இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் நகரை அண்டிய மருத்துவக் குழுவினர் உருவாக்கி 2007 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். வலிக்கென எல்லோருக்கும் பொதுவான அடையாளம் கிடையாது. துன்பத்தின் அடையாளங்கள் ஆளுக்காள் வேறுபடும் என்பதே அதன் அடிப்படை. ஒருவருக்குச் சிரிப்பு மகிழ்ச்சியாகும். இன்னொருவருக்கு அதுவே வேதனையின் அடையாளமாகலாம்.

அவ்வறிவு யாரிடம் உள்ளது? பெரும்பாலும் தாயிடம். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் உடனிருந்து பெற்ற அவ்வறிவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தாய் இறந்தவுடன் அதுவும் மறைந்துவிடும். விடுதிகளிலோ ஊழியர் அடிக்கடி மாறுவர். ஆகவே, தாதி ஒரு வீட்டுக்கு முதன்முறை செல்லும்போது கேட்டு எழுதுவது நோய்களின் பட்டியலை மட்டுமன்று. காலையில் எப்போது எழுவார், எந்தக் கோப்பையில் தேநீர் அருந்துவார், படியேறும்போது எதைப் பற்றிக்கொள்வார், யாருடைய பெயரைக் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார் என்பனவும் அக்குறிப்பில் இடம்பெறும். வெளிப்பார்வைக்கு இவை அற்பமானவை. பத்து ஆண்டுகளின் பின் நோயொன்றை இனங்காண உதவுவன இவையே.

டவுன் சின்ட்ரோம் உடையோரிடம் இது மிகத் தெளிவாகப் புலப்படும். 21 ஆவது நிறமூர்த்தம் இரண்டிருக்க வேண்டிய இடத்தில் மூன்றாயிருத்தலே அந்நிலையின் காரணம் என 1959 இல் பிரான்சிய ஆய்வாளர் வெளியிட்டனர். அல்சைமர் நோயில் மூளையிற் படியும் அமைலொயிட் என்னும் பொருளுக்கு மூலமான புரதத்தை ஆக்கும் பரம்பரையலகும் அதே நிறமூர்த்தத்திலேயே அமைந்துள்ளது. ஆதலின் இவர்களின் உடலில் அப்புரதம் வாழ்நாள் முழுவதும் மிகையாகவே உண்டாகிறது. நாற்பது வயதாகும்போது ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும் அப்படிவுகள் காணப்படும். டப்ளின் நகரில் 77 பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2017 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 75 பேர் மறதி நோய்க்கு ஆளாயினர். நோய் அறியப்பட்ட சராசரி வயது 55 ஆகும்.

ஆயினும் மறதி நோய் எல்லோருக்கும் வருமென்ற இவ்வறிவே ஒரு புதிய நிழலாகிவிடவும் கூடும். ஐம்பது வயதுடைய ஒருவர் சோர்ந்து, பேச்சுக் குறைந்து, தாமே உடையணிந்து வந்தவர் அதனை மறந்து நின்றால், ‘நோய் தொடங்கிவிட்டது’ என்று முடிவு கட்டுவது எளிது. தைரொயிட்டுச் சுரப்பியின் குறைவும் இதே தோற்றத்தைத் தரும். நாளுக்கொரு குளிசை அதனைச் சீராக்கும். இவர்களின் காதுக்குழாய் ஒடுங்கியதாகையால் அழுக்கு அடைத்துச் செவிப்புலன் குன்றும். கண்ணிற் புரை முந்தி விழும். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதலால் பகலெல்லாம் அயர்வு தோன்றும். தந்தையோ தாயோ இறந்த துயரமும் இவ்வாறே வெளிப்படலாம். இவை ஒவ்வொன்றையும் நோக்கிய பின்னரே மறதி நோய் என்னும் முடிவுக்கு வருதல் தகும். சாதாரண நினைவாற்றற் சோதனைகள் இவர்களுக்குப் பொருந்தா. நாட்டின் பிரதம மந்திரி யார் என்ற வினாவிற்கு என்றுமே விடை அறிந்திராதவர் இன்று விடை கூறாமை எதனை நிரூபிக்கும்? எனவே, உடல்நலத்துடன் இருக்கும் 30 வயதளவிலேயே அவரவர் ஆற்றல்களை அளந்து எழுதிவைத்து, பின்னர் அவரை அவருடனேயே ஒப்பிட வேண்டுமெனப் பிரித்தானிய உளவியலாளரும் உளமருத்துவரும் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

ஏனைய நோய்களுள் மலச்சிக்கலை முதலிற் குறிப்பிடுதல் வாசகருக்கு வியப்பளிக்கலாம். உளநோய் மருந்துகள், நடமாட்டக் குறைவு, போதிய நீர் அருந்தாமை ஆகியன ஒன்றுசேரக் குடல் அடைபட்டு இறப்பே நேர்ந்ததுண்டு. நாள்தோறும் மலங்கழித்தலைக் குறித்துவைப்பதைத் தாழ்ந்த வேலையெனக் கருதும் ஊழியருக்கு அதன் காரணத்தை எடுத்துரைப்பது தாதியின் கடமைகளுள் ஒன்று. விழுங்குதற் கோளாறு இன்னொன்று. உணவு சுவாசக் குழாயிற் புகுந்து விளைக்கும் நியுமோனியா இவர்களின் இறப்புக்கு முக்கிய காரணமாகும். அமரும் நிலையைத் திருத்துதலும், உணவின் பதத்தைப் பேச்சு மொழிச் சிகிச்சையாளரின் ஆலோசனைப்படி மாற்றுதலும் பல உயிர்களைக் காத்துள்ளன. வலிப்புக்கென நெடுங்காலம் உட்கொள்ளும் சில மருந்துகள் எலும்பை நலிவுறுத்துவதும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

2008 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் இவர்களுக்கென ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை ஏற்படுத்தப்பட்டது. திட்டம் நன்றே, ஆனால் ஊசியைக் கண்டதும் அலறும் ஒருவரிடமிருந்து குருதி பெறுவதெப்படி? பலவந்தம் செய்தால் அவர் இனி வைத்தியரிடம் வரவே மாட்டார். தாதி வாரந்தோறும் சென்று, முதலில் பஞ்சையும் பின்னர் கைப்பட்டியையும் காட்டி, தொடப் பழக்கி, சில மாதங்கள் கழித்தே ஊசிக்கு வருவார். சில வேளை அது பலிப்பதில்லை. அப்போது 2005 ஆம் ஆண்டின் உளத்தகுதிச் சட்டத்தின்படி, அவரால் தாமே முடிவெடுக்க இயலுமா என்று ஆராய்ந்து, இயலாதெனில் அவரது நன்மை எதுவெனப் பலரும் கூடித் தீர்மானிப்பர். வளர்ந்தவர் ஒருவருக்காகப் பெற்றோர் தாமாகவே சம்மதமளிக்க அச்சட்டம் இடந்தராது என்பது நம்மவர் பலருக்கு விந்தையாகத் தோன்றலாம். வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தால், அவரைப் பற்றிக் கட்டாயம் அறியவேண்டியவற்றைச் சிவப்பிலும், முக்கியமானவற்றை மஞ்சளிலும், விருப்பு வெறுப்புக்களைப் பச்சையிலும் எழுதிய சிறு ஏடு ஒன்று அவருடன் செல்லும். அதனை விடுதித் தாதியர் வாசிக்கிறார்களா என்பது வேறு விடயம்.

எண்பத்தைந்து வயதுத் தாயும் அறுபது வயது மகனும் தனித்து வாழும் வீடுகள் தாதியருக்குப் பெருஞ் சோதனையாகும். ‘எனக்குப் பின் இவனுக்கு யார்?’ என்னும் வினாவைப் பெற்றோர் தாமாக எழுப்புவதில்லை. எழுப்பினாலும் விடை காணாது ஒத்திவைப்பர். தாய் விழுந்து வைத்தியசாலை சென்ற இரவிலேயே மகன் முன்பின் அறியாத விடுதியொன்றுக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். தாயையும் வீட்டையும் தன் வழமைகளையும் ஒரே நாளில் இழக்கும் அவனது துயரம் ‘நடத்தைக் கோளாறு’ எனப் பெயர்பெறும். இது நேராதிருக்க, தாய் உயிருடனிருக்கும்போதே மாதமொரு நாள் அவ்விடுதியில் அவனைத் தங்கவைத்துப் பழக்குவதைத் தாதியர் வற்புறுத்துவர். இறப்பைப் பற்றி இவர்களிடம் பேசலாகாது என்னும் பழைய கருத்தும் இன்று கைவிடப்பட்டுள்ளது. உளமருத்துவர் ஷீலா ஹொலின்ஸ் 1989 இல் தொடங்கிய சொல்லில்லாப் படநூல் வரிசையில் முதலில் வெளிவந்தவை தந்தையின் இறப்பையும் தாயின் இறப்பையும் பற்றியனவே.

நம் நாட்டில் இத்தகையோர் பெரும்பாலும் குடும்பத்துடனேயே வாழ்கின்றனர். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை வீடுதோறும் செல்லும் சுகாதார ஊழியரை நமக்கு அளித்தது. எனினும் அவ்வில்லத் தரிசனம் முதன்மையாகத் தாய்சேய் நலன் கருதியே அமைந்தது. உள்ளறையிலிருக்கும் ஐம்பது வயது மாமாவை நலம் விசாரிப்பது அதன் நோக்கினுள் அடங்கியதன்று. இங்கிலாந்தின் முறையை அப்படியே பெயர்த்து நடுதல் பொருந்தாது. வழமையை எழுதிவைக்கும் ஏட்டுக்கோ செலவு அதிகமில்லை.

அந்நாட்டிலும் நிலைமை மகிழத்தக்கதாக இல்லை. முதியோர் தொகை பெருக, அரச சேவையிலுள்ள இத்துறைத் தாதியரின் தொகையோ 2009 இன் பின்னரான பத்தாண்டுகளில் மூன்றிலொரு பங்குக்கும் மேலாகக் குறைந்தது. சில பல்கலைக்கழகங்கள் இக்கற்கைநெறியையே நிறுத்தின. இவற்றின் விளைவை இறுதிக்காலப் பராமரிப்பிற் காணலாம். மறதி நோய் முற்றியவர் தாம் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த சிறு விடுதியிலேயே இறப்பதற்கு, இரவு முழுவதும் விழித்திருக்கும் ஊழியர் ஒருவரும், அவ்வூழியருக்கு வலி மருந்தின் அளவையும் விழுங்குதலின் அபாயத்தையும் கற்பிக்கத் தாதி ஒருவரும் தேவை. இருவருள் ஒருவர் இல்லாதபோது அவர் பொதுவான முதியோர் இல்லமொன்றுக்கு மாற்றப்படுகிறார். அங்கு மற்றையோர் எண்பது வயதினர், அவரோ ஐம்பத்தேழு. எந்தக் கோப்பையில் அவர் தேநீர் அருந்துவார் என்பதை அறிந்தவர் அங்கு எவருமில்லை.