மோடம் அடுக்கும் யூனிக்ஸும்

1994-இல் அமெரிக்காவில் தொலைபேசி வழி இணையம் விற்கக் கடை விரித்தவர்களுக்கு, எத்தனை லைன் வாங்குவது என்பதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. சர்வரில் எந்த இயங்குதளத்தைப் போடுவது? காசு உள்ளவர்கள் சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினியை வாங்கினார்கள். மற்றவர்களுக்கு இன்டெல் பிசிதான். அதில் ஓட்ட, மூல நிரலோடு 995 டாலருக்கு விற்ற பிஎஸ்டி/386 இருந்தது. இலவசமாக ஃப்ரீபிஎஸ்டியும் லினக்ஸும் இருந்தன. அந்த ஆண்டுதான் விண்டோஸ் என்டி 3.5 வந்தது. ஒரே சர்வரில் 256 தொலை இணைப்புகள் வரை ஏற்கும் என்றது மைக்ரோசாஃப்ட்.

பிறகு ஏன் பலரும் யூனிக்ஸ் பக்கம் போனார்கள்? அன்று வாடிக்கையாளர் கேட்டது பெரும்பாலும் ஷெல் கணக்கு. டயல் செய்து உள்ளே வந்து, சர்வரிலேயே பைன் திறந்து மடல் படிப்பார், லிங்க்ஸில் வலை பார்ப்பார். பலர் ஒரே நேரத்தில் புழங்கும் அந்த ஏற்பாடு யூனிக்ஸுக்குப் பிறவிக்குணம், என்டிக்கு இல்லை. 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். இந்தியாவில் இணையத்தைத் திறந்தபோது, இங்கே மாணவர்களுக்குக் கிடைத்ததும் இந்த ஷெல் கணக்குதான்.

உண்மையான சோதனை சீரியல் போர்ட்டில் நடந்தது. 57,600 வேகத்தில் வைத்த போர்ட் முழு ஓட்டத்தில் நொடிக்கு 5,760 எழுத்துகளைத் தள்ளும். பழைய 16450 சில்லு ஒவ்வோர் எழுத்துக்கும் செயலியை ஒருமுறை தட்டி எழுப்பும். 16 லைன் என்றால் நொடிக்குத் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட இன்டரப்ட்; அன்றைய 486 தாங்காது, எழுத்துகள் உதிரும். 16 பைட் தேக்கம் உள்ள 16550ஏ சில்லும், தனிச் செயலியோடு வந்த மல்டிபோர்ட் கார்டுகளும் அந்தச் சுமையைக் குறைத்தன. ஆனால் கார்டுக்கு டிரைவர் வேண்டுமே! எந்த இயங்குதளத்துக்கு நல்ல டிரைவர் இருந்ததோ, அதுவே பலருக்கும் தேர்வாயிற்று. மூல நிரல் கையில் இருந்தவர் நள்ளிரவில் லைன் தொங்கினாலும் தாமே திறந்து பார்க்க முடிந்தது. சின்ன நிறுவனங்களைக் காப்பாற்றியது அந்த வசதிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இடையில் ஒரு வழக்கும் புகுந்தது. யூனிக்ஸ் உரிமை கோரி ஏடி&டி தரப்பு 1992-இல், பிஎஸ்டி/386-ஐ விற்ற பிஎஸ்டிஐ நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு 1994 தொடக்கத்தில்தான் சமரசமானது. அந்த இடைவெளி லினக்ஸுக்கு வளரும் காலமாக அமைந்தது.

பிறகு லைன்கள் பிசியை விட்டே வெளியேறின. லிவிங்ஸ்டனின் போர்ட்மாஸ்டர் போன்ற பெட்டிகள் அழைப்பை ஏற்றன. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் ரேடியஸ் என்ற நெறிமுறை வழியாக சர்வரிடம் சரிபார்த்தன. 1998-இல் வந்த வி.90 தரத்தின் 56கே வேகம் கிடைக்க, சேவை தருபவர் பக்கம் தொலைபேசி இணைப்பு டிஜிட்டலாகவே இருக்க வேண்டும். அத்தோடு மோடம் அடுக்கு அலமாரியைக் காலி செய்தது. சர்வருக்கு மிஞ்சியது மடல், டிஎன்எஸ், கணக்கு வழக்கு; அதற்கு எந்த யூனிக்ஸும் போதும்.

இன்று சேவை தருபவர் இயங்குதளத்தைத் தனியே தேர்ந்தெடுப்பது அரிது, பெட்டியோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் மூடியைத் திறந்தால் பழைய முகங்கள்தான். ஜூனிபரின் ஜூனோஸ் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து வளர்ந்தது, மைக்ரோடிக்கின் ரவுட்டர் ஓஎஸ் லினக்ஸ் மேல் ஓடுகிறது. நம் ஊரில் ஃபைபர் போட வருபவர் ரவுட்டரில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் தட்டுகிறாரே, அது பிபிபிஓஇ: டயல்-அப் காலத்து இணைப்பு நெறிமுறையான பிபிபியை ஈதர்நெட் மேல் ஏற்றியது. அதன் தலைப்புக்காகத்தான் 1500 பைட் பாக்கெட்டில் 8 பைட் கழிந்து 1492 ஆகிறது.

ஏஓஎல் 2025 செப்டம்பர் 30-இல் டயல்-அப்பை நிறுத்திவிட்டது. இன்றும் ஒருவர் ஆசைக்காக டயல்-அப் சர்வர் வைக்கலாம். லினக்ஸ், அதில் ஓடும் எம்கெட்டி, பிபிபிடி நிரல்கள், ஒரு பழைய மோடம் போதும். லைன் மட்டும் இணையத் தொலைபேசி வழியாக வந்தால், ஒலியைச் சுருக்காத ஜி.711 கோடெக்கை வைக்க வேண்டும்; சுருக்கினால் மோடங்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது.